கவுன்சலிங் படிக்க ஆசை: குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எந்த வழியில் போவது?

கேள்வி இதுதான்: தக்கலைப் பக்கம் வீடு. பி.ஏ. ஆங்கிலம் முடித்து 23 வயது. அப்பா வளைகுடாவில், தங்கை பிளஸ் டூ. கவுன்சலிங் துறைக்கு வர ஆசை. ஆறு மாத ஆன்லைன் டிப்ளமா ஒன்று, கட்டணம் 40,000 ரூபாய், முடித்தால் ‘சர்டிஃபைடு சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். சேரலாமா? ஊரை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. இங்கேயே வேலை கிடைக்குமா?

முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு மற்ற வழிகளுக்கு வருகிறேன்.

நம் நாட்டில் பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. விளம்பரத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று இருந்தால் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. சான்று, டிரஸ்ட் பதிவு எண், சிறுதொழில் பதிவு எண் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு பேக்கரியும் இதே பதிவுகளை வாங்க முடியும். படிப்பின் தரத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. குறுகிய காலப் பயிற்சி எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்ப்பவர் ஒரு முறையைக் கூடுதலாகக் கற்றுக்கொள்ள அது உதவும். ஆனால் அதையே அஸ்திவாரமாக வைத்து வீடு கட்ட முடியாது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முதல் சல்லடையிலேயே அந்தச் சான்றிதழ் நின்றுபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் நீங்கள் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயரை மட்டும் நம்பி ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்காருவார். தற்கொலை எண்ணத்தோடு வந்தவராகவும் அவர் இருக்கலாம்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பலர் படிப்பின் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு, அப்புறம் வேலையைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மருத்துவமனை வார்டா, பள்ளிக்கூடமா, குடிநோய் மீட்பு மையமா, பெண்களுக்கான சேவை மையமா, சொந்த அறையா? பெரும்பாலான நாற்காலிகளுக்குச் சட்டமோ வேலை அறிவிப்போ ஒரு தகுதியைச் சொல்கிறது. அந்தத் தகுதியைத் தரும் படிப்பு எது, அங்கே உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார் என்று பின்னோக்கி வந்தால் குழப்பம் பாதி குறைந்துவிடும்.

சட்டம் யாரை எப்படி அழைக்கிறது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோரைத் தனித்தனியாக வரையறுக்கிறது. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. அதற்கு நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அதன் பின் மூன்று ஆண்டு எம்.டி. உங்கள் கேள்விக்கு அது பொருந்தாது, விட்டுவிடலாம்.

நம் ஊரில் எல்லோரும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று பொதுவாகச் சொன்னாலும், மருத்துவ உளவியலாளர் என்பது தனி இனம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்கும், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தப் பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நுண்ணறிவுச் சோதனை செய்து முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவது, மாற்றுத்திறன் சான்றிதழுக்கான அறிக்கை கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்தவர் இதைச் செய்யக் கூடாது. செய்து மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர், எல்லை எங்கே என்று தெரியாதவர்கள்.

இந்தப் பாதை இப்போது வளைந்துகொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளாக எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல், அதன் பின் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். என்றுதான் வழி இருந்தது. 2022 விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை நீட்டிப்புக் கொடுத்தது. மருத்துவ உளவியலில் அதன் இடத்துக்கு நான்கு ஆண்டு பி.எஸ்சி. மருத்துவ உளவியல், எம்.ஏ. மருத்துவ உளவியல், சை.டி. என்ற முனைவர் பட்டம் எனப் புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுக்கு முன்பு படித்த அக்காவோ அண்ணனோ சொல்லும் வழி உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். வராமலே போனால் இழப்பு உங்களுக்கு மட்டும்தான்.

இன்னொரு பெரிய மாற்றம் தொலைதூரக் கல்வியில். வீட்டிலிருந்தே எம்.ஏ. உளவியல் படிப்பது நம் மாவட்டப் பெண்களில் பலருக்குக் கைகொடுத்த வழி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. இப்போது புதிதாக ‘ஆன்லைன் எம்.ஏ. சைக்காலஜி’ என்று யாராவது கூப்பிட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

‘கவுன்சலர்’ என்ற பெயரின் நிலை வேறு. அரசு அறிவிப்புகளில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வரும், கிறிஸ்தவ ஆலய வட்டாரங்களிலும் அந்தச் சொல்தான். இந்தப் பெயரை வைத்துக்கொள்ள இதுவரை தனி உரிமம் கேட்பதில்லை. 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்கள் சட்டம் உளவியலாளர், மனநல ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பதிவுமுறை முழுதாக நடைமுறைக்கு வரும்போது, முறையான பட்டம் இல்லாமல் பலகை மாட்டியவர்களுக்குத்தான் முதல் சிக்கல் வரும். இன்று எது படித்தாலும் நாளை பதிவு கேட்பார்கள் என்று எண்ணிப் படியுங்கள்.

உங்கள் நிலையில் எனக்குத் தோன்றும் வழி

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை. அதில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுங்கள்.

காரணங்களைச் சொல்கிறேன். எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், உங்கள் பி.ஏ. ஆங்கிலம் தடையில்லை. இரண்டு ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, முடிவில் ஒரு மாதம் தொடர்ச்சியாக ஓர் இடத்தில் பயிற்சி என்று பாடத்திட்டத்திலேயே வெளியே அனுப்புவார்கள். அந்த நாட்களில் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிநோய் மையம் என்று மாறி மாறி நிற்கும்போது உங்களால் எதைத் தாங்க முடிகிறது, எதைத் தாங்க முடியவில்லை என்பது தெரிந்துவிடும். இன்னொன்று, மாவட்ட அளவில் வரும் வேலை அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்தால் ‘சமூகப் பணி அல்லது உளவியல் முதுகலை’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். சமூகப் பணி படித்தவருக்குக் கூடுதலாக வழக்குப் பணியாளர் (கேஸ் வொர்க்கர்), திட்ட ஒருங்கிணைப்பாளர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் என்று பக்கவாட்டுக் கதவுகளும் உண்டு.

நான்கு சுவருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் உங்கள் ஆசை என்றால் எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல் பொருத்தம். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரைச் சில இடங்களில் சேர்ப்பார்கள், சில இடங்களில் இளங்கலையிலேயே உளவியல் கேட்பார்கள். விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நம் மாவட்டத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. சென்னைக்கு ஓர் இரவுப் பயணம், திருவனந்தபுரத்துக்கோ இரணியலில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் போல. அங்கே ஸ்ரீகாரியத்தில் லயோலா சமூக அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ.வும் ஆலோசனை உளவியலும் இரண்டுமே உண்டு. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக உளவியல் துறை இருக்கிறது. தினமும் போய்வருவது உடம்பை அடிக்கும். களப்பணி நாளில் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகும். திங்கள் முதல் வெள்ளி வரை விடுதி, வார இறுதியில் வீடு என்று வைத்துக்கொள்வது நல்லது. மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்தவர்களுக்கு அங்கே களப்பணி செய்வதில் சிரமம் குறைவு. சென்னை போக மனமிருந்தால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைப் பாருங்கள். மருத்துவ உளவியலே வேண்டும் என்று பின்னால் முடிவெடுத்தால் சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனம் நிப்மெட், பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களின் நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு தனியாக ஒதுக்கிப் படிக்க வேண்டியிருக்கும். இடங்கள் மிகக் குறைவு.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் நேரில் போய், அலுவலகத்தில் அல்ல, துறையில் உள்ள மாணவரிடம் கேளுங்கள். போன செமஸ்டரில் எத்தனை நாள் களப்பணிக்குப் போனாய்? அங்கே உன் வேலையைப் பார்த்தது யார்? எத்தனை பேரிடம் தனியாக உட்கார்ந்து பேசினாய்? எழுதிக் கொடுத்த குறிப்பை யாராவது திருத்திக் கொடுத்தார்களா? கடைசிக் கேள்விக்கு ‘கையெழுத்து மட்டும் போடுவாங்க’ என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யோசியுங்கள்.

யாரும் நினைக்காத இரண்டு வழி

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று சொல்லும் அளவுக்குச் செவிலியர் படிப்பு பரவியிருக்கிறது. ஆனால் மனநலச் செவிலியர் பணியை விரும்பித் தேர்ந்தெடுப்பவர் குறைவு. பிளஸ் டூவில் இருக்கும் உங்கள் தங்கைக்கு இந்த ஆர்வம் இருந்தால் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், அதன் பின் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. மனநல நர்சிங் என்பது உறுதியான வழி. ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்கு ஓராண்டு மனநல நர்சிங் டிப்ளமாவும் உண்டு. பதிவு, சம்பள விகிதம், அரசு வேலைத் தேர்வு, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் ஏற்கெனவே வகுத்து வைத்த துறை அது. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவரும் செவிலியர்தான். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அழுதுகொண்டே எழுந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருபவர் அவர்.

இன்னொன்று சிறப்புக் கல்வி. ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய ஆர்.சி.ஐ. அனுமதி பெற்ற பி.எட். சிறப்புக் கல்வி. பொறுமை உங்கள் பலம் என்றால் இதைத் தள்ளிவிடாதீர்கள். பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது இந்த வேலையில் பாதி.

மாவட்டத்துக்குள் நாற்காலிகள் எங்கே

அரசுப் பக்கம்: ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள், பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் இல்லங்கள். மாநில அளவில் 14416 என்ற ‘நட்புடன் உங்களோடு’ மனநலத் தொலைபேசிச் சேவை. இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம். மாவட்ட நலவாழ்வுச் சங்கமோ சமூக நலத் துறையோ அறிவிப்பு போடும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலக இணையதளத்தில் வரும். விண்ணப்பிக்கக் குறைந்த நாட்களே இருக்கும். எனவே அனுபவச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தயாராக வையுங்கள். அனுபவச் சான்றில் ‘தொண்டு செய்தார்’ என்று எழுதி வாங்கினால் செல்லாது. பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரிப் பக்கம் கதவு இப்போது அகலமாகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றிய தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாலையின் இரு பக்கமும் பள்ளிகளும், பொறியியல், நர்சிங் கல்லூரிகளும் இருக்கும் மாவட்டம் இது. ஆனால் வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். தனி அறை, கதவு மூடக்கூடியதாக. ஆசிரியர் விடுமுறை எடுத்தால் வகுப்புக்கு அனுப்பமாட்டோம் என்ற உறுதி. மாணவர் சொன்னதை முதல்வரிடம் எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை. இந்த மூன்றாவது இல்லாமல் போனால், இரண்டாம் மாதத்தில் ‘அந்தப் பையன் உங்கிட்ட என்ன சொன்னான்?’ என்று கேட்பார்கள். நீங்கள் சொன்னால் பையன்கள் வருவது நின்றுவிடும், சொல்லாவிட்டால் வேலைக்கு ஆபத்து.

குடிநோய் மீட்பு மையங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு எளிதில் கிடைக்கும் வேலை இங்கேதான், ஆபத்தான தவறுகள் நடப்பதும் இங்கேதான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், உறக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், இல்லாத ஆளோடு பேசுவார். இது உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரநிலை. வீட்டில் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்பார்கள். அறையில் பூட்டிவைத்து மூன்று நாள் பொறுத்தால் சரியாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் கவுன்சலிங்குக்கு வேலையே இல்லை, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆகவே மருத்துவர் வராத, இரவில் செவிலியர் இல்லாத, நோயாளியின் சம்மதமில்லாமல் வண்டியில் தூக்கிவரும் மையத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சேராதீர்கள். ஏதாவது நடந்தால் வழக்கில் உங்கள் பெயரும் வரும். முறையாக நடக்கும் மையத்தில் ஓராண்டு வேலை பார்த்தால், குடும்பத்தோடு பேசுவது, மறுபடி குடிக்கத் தூண்டும் சூழலைக் கண்டுபிடிப்பது, மறுபடி குடித்தவரை வெட்கப்படுத்தாமல் திரும்ப வரவழைப்பது எல்லாம் கைக்கு வந்துவிடும். புத்தகத்தில் அது வராது.

சொந்த அறை போட்டால் என்ன ஆகும்

இதைத்தான் பலர் கனவு காண்கிறார்கள், கணக்கைப் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அமர்வு 50 நிமிடம், கட்டணம் 500 ரூபாய். நாளுக்கு நான்கு பேர், வாரம் ஐந்து நாள் என்றால் 20 முன்பதிவு. நாலில் ஒருவர் வரமாட்டார் என்று வையுங்கள், 15 மிஞ்சும். மாதம் 60 அமர்வு, 30,000 ரூபாய். அறை வாடகை 6,000, கரண்ட், போன், துப்புரவு 2,000, மூத்தவரிடம் மேற்பார்வைக்கு மாதம் இரண்டு முறை 2,000, போக்குவரத்து 1,500. கையில் 18,500. இது நன்றாக நடக்கும் நிலை. முதல் ஆண்டில் வாரத்துக்கு ஐந்து பேர் வந்தால் வருமானம் 10,000, செலவு 11,500. மாதம் 1,500 கைநட்டம். ஆகவே மாதச் சம்பளம் வரும் ஒரு வேலையில் இருந்துகொண்டு, சனிக்கிழமை மட்டும் அறை வைத்துத் தொடங்குவதே புத்திசாலித்தனம். அதுவும் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு பிறர் மேற்பார்வையில் வேலை பார்த்த பிறகு.

அறை எங்கே என்பதும் முக்கியம். மார்த்தாண்டம் சந்தை ஓரத்தில் ‘மனநல ஆலோசனை மையம்’ என்று பெரிய பலகை வைத்தால் படியேற ஆள் தயங்குவார்கள். அத்தைக்குத் தெரிந்தவர் ஒருவர் கீழே கட்டாயம் நிற்பார். பல்மருத்துவம், லேப், டியூஷன் சென்டர் எல்லாம் இருக்கும் கட்டடத்தின் மாடி நல்லது. எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் வெளியேறுவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் இடையில் 20 நிமிடம் விடுங்கள். இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் வாய்ப்பு இங்கே அதிகம். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் வசதி உள்ளவர்கள் திருவனந்தபுரம் போய்க் காட்டுகிறார்கள். உறவினரையும், உங்கள் ஆலயத்தில் தினமும் பார்ப்பவரையும் நீங்களே எடுக்காதீர்கள். வேறொருவரிடம் அனுப்புங்கள். நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது இருவருக்கும் சங்கடம்.

மக்கள் உங்களிடம் வருமுன் ஆலயத் தியானக் கூட்டத்துக்குப் போயிருப்பார்கள், கோயிலில் கயிறு கட்டியிருப்பார்கள், தர்காவில் ஓதியிருப்பார்கள். அதைக் கேலி செய்யும் ஆலோசகரிடம் இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள். பங்குத்தந்தை, போதகர், பூசாரி, இமாம் இவர்களுக்கு ‘எப்போது அனுப்ப வேண்டும்’ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், காதில் குரல் கேட்டால், சாவைப் பற்றிப் பேசினால் அனுப்புங்கள் என்று சொன்னால் போதும். உங்களைத் தேடி வருபவர்களில் பாதி அந்த வழியாகத்தான் வருவார்கள்.

சான்றிதழ் சொல்லிக்கொடுக்காத பாதி

வருபவர் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லமாட்டார். ‘ஒறக்கம் இல்ல, சீணமா இருக்கு, நெஞ்சு படபடக்கு’ என்பார். ஆறு மாதம் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். உடம்பைப் பற்றி அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, ரத்தச்சோகை, தைராய்டு பார்த்தாயிற்றா என்று விசாரித்து, அதன் பின்தான் வீட்டுக் கதைக்கு வர முடியும். ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாளை நீட்டி, 27க்கு 14 என்று மதிப்பெண் போட்டு ‘உங்களுக்கு டிப்ரெஷன்’ என்று சொல்வது தவறு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தாளுக்குப் பொருள். அதில் ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஆம் என்று வந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

ஓர் இடத்தைக் கிட்டே நின்று பார்ப்போம். ஒரு பெண் சொல்கிறார்: ‘நான் இருந்து என்னத்துக்கு.’ பயிற்சி இல்லாதவர் உடனே, ‘அப்படியெல்லாம் பேசப்பிடாது, பிள்ளைகள நினைச்சுப் பாருங்க’ என்பார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதைப் பற்றி இங்கே பேசக் கூடாது என்றுதான் கேட்கும், வாயை மூடிக்கொள்வார். பயிற்சி பெற்றவர் ஒரு நொடி பொறுத்து, குரலை மாற்றாமல் கேட்பார்: ‘செத்துப்போயிரலாம்னு நினைப்பு வருதா?’ நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. கேட்டதும் பலர் மூச்சு விடுவார்கள். பிறகு வரிசையாக: எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா, இன்று ராத்திரி யாரோடு இருப்பார். திட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, வீட்டில் ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தச் சொல்லி, அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 14416 எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். ரகசியம் காக்கிறேன் என்ற வாக்குறுதிக்கு உயிராபத்து விலக்கு என்பதை முதல் அமர்விலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு விலக்கு 18 வயதுக்குக் கீழானவர் மீதான பாலியல் குற்றம். அதை அறிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்ய வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி நிர்வாகமோ குடும்பமோ ‘நமக்குள்ள பேசி முடிச்சிரலாம்’ என்று கெஞ்சும் நாள் உங்களுக்கு வரும். அன்று என்ன செய்வீர்கள் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, முகத்துக்கு நேரே செய்வது வேறு. அதற்குத்தான் மேற்பார்வை. வாரம் ஒருமுறை, அமர்வில் அவர் சொன்னது, நீங்கள் சொன்னது என்று நினைவிலிருந்து வரி வரியாக எழுதி மூத்தவரிடம் காட்டுவது. ‘இந்த இடத்துல ஏன் அறிவுரை சொன்ன?’ என்று அவர் கேட்கும்போதுதான், அந்த அழுகையை உங்களால் தாங்க முடியாமல் போனது புலப்படும். பட்டம் வாங்கியதும் இதை நிறுத்திவிடுபவர்கள் ஐந்து ஆண்டில் ஒரே தவறை ஐந்நூறு பேரிடம் செய்திருப்பார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சில வேதனைகள் உண்டு. அவற்றைத் தெரிந்தவர்கள் போதாது. 2004 சுனாமி, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவரின் உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் முடிவதே இல்லை. தாலியைக் கழற்றுவதா, நினைவுத் திருப்பலி வைப்பதா என்று ஒவ்வொரு சடங்கிலும் தடுமாற்றம் வரும். ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அங்கே சொல்லக் கூடாது. வந்தாலும் வரலாம் என்ற நினைப்பையும் வரமாட்டார் என்ற அறிவையும் ஒன்றாகச் சுமக்க இடம் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் கணவர், இங்கே மாமியாரோடு மனைவி, போனில் மட்டும் அப்பாவைத் தெரிந்த குழந்தை என்ற குடும்பத்தை உங்களுக்கு உள்ளிருந்தே தெரியும். களப்பணி ஆய்வுக்கு இந்தத் தலைப்புகளில் ஒன்றை எடுத்தால் அந்த அறிவு வேலைக்கும் உதவும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

அந்த டிப்ளமாக்காரர்களிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு முறையாக நடக்கும் ஒரு சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ போய், வாரம் இரண்டு நாள், மூன்று மாதம் உதவியாளராக நிற்கக் கேளுங்கள். ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளாமல் போங்கள். சோறு ஊட்ட, உட்கார்ந்து பேச, பதிவேடு எழுத என்று கொடுத்ததைச் செய்யுங்கள். மூன்றாவது வாரம் அலுப்புத் தட்டும். அதன் பிறகும் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அதே காலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பங்கள் எப்போது திறக்கின்றன என்று மூன்று கல்லூரிகளின் தேதியைக் குறித்து வையுங்கள். நுழைவுத் தேர்வு உள்ள இடங்களில் முதலாண்டு உளவியல், சமூகவியல் அடிப்படைகளைக் கேட்பார்கள். நூலகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ உளவியல் பாடநூல்கள் கிடைக்கும், தொடக்கத்துக்கு அவை போதும்.

உங்கள் மனசுக்குள்ளேயே ஆறாத ஏதாவது இருந்து, அதுவே இந்தத் துறைக்கு இழுக்கிறது என்றால், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. படிப்பு தொடங்கும் முன் அதற்கு நீங்கள் ஒரு ஆலோசகரிடம் போய் உட்காருங்கள். எதிர் நாற்காலி எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். அந்த 40,000 ரூபாயில் இதற்கும், விண்ணப்பங்களுக்கும், நேரில் போய்க் கல்லூரி பார்த்து வரும் ரயில் கட்டணத்துக்கும் செலவழித்தது போக, விடுதி முன்பணத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்.